சம்மன் வந்திருக்கு, சாட்சி சொல்லப் போகணும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் டெக் எபிசோட் இல்லை. முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் திட்டக்கூடாது.

போன மாசம் ஒரு ஆபீஸ் கால். அமெரிக்காவில் இருக்கிற எங்கள் டெஸ்டிங் லீட், "அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன், ஜூரி டியூட்டி" என்று சொன்னார். எல்லாரும் "ஓகே, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்கள். காலண்டரில் குறித்தார்கள், முடிந்தது. அதே காலில் நானும், "எனக்கும் அடுத்த வாரம் ஒருநாள் லீவ் வேணும், கோர்ட்டுக்குப் போகணும்" என்றேன். ரெண்டு செகண்ட் அமைதி. கால் முடிந்ததும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "டேய், எதுவும் பிரச்சினையா? வக்கீல் யாராச்சும் வேணுமா?" என்று கேட்டார்.

பாவம், அக்கறையோடதான் கேட்டார். நம்ம ஊரில் கோர்ட்டு என்றால் ஒன்று நீ கேஸ் போட்டிருக்கணும், இல்லை உன் மேல போட்டிருக்கணும். மூணாவதா ஒரு ஆள் உண்டு என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அந்த மூணாவது ஆள்தான் நான். சாட்சி.

ஜூரி என்றால் என்னவென்று சினிமா பார்த்த எல்லாருக்கும் தெரியும். பொதுமக்களில் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரெண்டு பக்கமும் கேட்டுவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே சொல்லச் சொல்வது. இது நம்ம ஊரிலும் இருந்தது. தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் தண்டனை வாங்கினார்கள் இல்லையா, அது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்து நடந்த விசாரணை. ஜூரிகளில் பெரும்பான்மை குற்றவாளிகள் என்று சொல்ல, ஆயுள் தண்டனை. அப்புறம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947-ல் விடுதலை. அதற்குள் பாகவதரின் சினிமா வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பம்பாயில் 1959-ல் நானாவதி வழக்கு. கடற்படை அதிகாரி, மனைவியின் காதலரைச் சுட்டவர். ஜூரி 8-க்கு 1 என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டுத் தண்டித்தது. இதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று வாட்ஸாப்பில் சுற்றும். அது சரியில்லை, அதற்குப் பிறகும் சில நடந்திருக்கின்றன. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. இன்னைக்கு மிச்சம் இருப்பது பார்சி திருமண வழக்குகளில் மட்டும். அங்கே நீதிபதியோடு 5 பிரதிநிதிகள் உட்காருவார்கள்.

ஆக, நமக்கு ஜூரி டியூட்டி வராது. நம்மை மாதிரி சாதாரண ஆளுக்கு கோர்ட்டில் இருந்து அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் சாட்சி சம்மனாகத்தான் இருக்கும். தீர்ப்பு சொல்லக் கூப்பிட மாட்டார்கள். பார்த்ததைச் சொல்லக் கூப்பிடுவார்கள். ரெண்டாவது சுலபமான வேலை என்று நினைத்துத்தான் நானும் போனேன்.

கதை இதுதான். 2022, மாசி மாசம். கொரோனா புண்ணியத்தில் லேப்டாப்போடு நத்தத்தில் அம்மா வீட்டில் இருந்த காலம். மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த வாரம். ராத்திரி எட்டு மணி இருக்கும், ஊரை விட்டு வெளியே போகும் ரோட்டில் ஒரு டீக்கடை. நானும் என் ஃப்ரெண்டும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு சத்தம். திரும்பினால் லாரி நிற்கிறது, பைக் கிடக்கிறது, ஒருவர் ரோட்டோரம் கிடக்கிறார். நாங்கள் ஓடினோம். 108-க்கு அடித்தோம். வண்டி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டார். எந்த ரோடு, எந்த கோர்ட்டு என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்போதே ஃப்ரெண்ட் சொன்னான்: "மாப்ள, பேரு கீரு குடுக்காத. அப்புறம் கோர்ட்டுக்கு அலைய விட்ருவாய்ங்க." அவன் சொன்னதில் பாதி இன்றைக்குப் பொருந்தாது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிகாட்டுதலுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். பேர், அட்ரஸ், போன் நம்பர் எதையும் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் உட்கார வைக்கக் கூடாது. பணம் கட்டச் சொல்லக் கூடாது. சாட்சியாக வருகிறேன் என்று நீங்களாக ஒத்துக்கொண்டால்தான் விசாரணை. அதனால தூக்குங்க, பயப்படாதீங்க. பேர் கொடுக்கிறதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

நான் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய அப்பா வந்து நின்றார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், வேட்டி, காலில் செருப்பு இல்லை, அவசரத்தில் வந்திருக்கார். "என்னப்பா ஆச்சு, நீங்க பாத்தீங்களா" என்று கேட்டார். "லாரிக்காரன் கண்ணுமண்ணு தெரியாம வந்துட்டான்யா" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

மூணு வருஷம் போச்சு. நான் சென்னை வந்தாச்சு. ஒருநாள் அம்மா போன்: "போலீஸ்காரர் ஒருத்தர் வந்து சம்மன்னு ஒரு பேப்பர் குடுத்துருக்காருடா. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிருக்காக. நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட்டு வாசல் மிதிச்சதில்ல, நீ என்ன பண்ணித் தொலச்ச?" (ஒரு சின்ன விஷயம். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் வயது வந்த ஆணிடம்தான் சம்மனைக் கொடுக்கலாம் என்று பழைய சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அந்த 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இனிமேல் அம்மாவே வாங்கலாம். மின்னணு முறையில் அனுப்பவும் வழி வந்திருக்கு.)

சம்மன் வந்தால் முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பார்க்க வேண்டியது நாலு: எந்த நீதிமன்றம், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதியும் நேரமும், எந்தக் காவல் நிலையம். வழக்கு எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் ஆப்பில் தேடினால் வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கு, அடுத்த வாய்தா எப்போ என்று வந்துவிடும். அதில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும், அதைச் சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம். டிசைனைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு, ஆனால் வேலை செய்யுது. சென்னையில் இருந்து ராத்திரி பஸ் ஏறுவதற்கு முன்னாடி அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

போக முடியவில்லை என்றால்? பரீட்சை, உடம்பு சரியில்லை, வெளிநாடு. சும்மா இருந்துவிடக் கூடாது. அந்த ஸ்டேஷனில் கோர்ட் வேலை பார்க்கும் காவலர் ஒருவர் இருப்பார், எல்லாரும் 'கோர்ட் ஏட்டு' என்பார்கள். அவரிடம் சொல்லி, ஆதாரத்தோடு, அவர் வழியாக அரசு வழக்கறிஞருக்கும் கோர்ட்டுக்கும் தெரியப்படுத்தணும். காரணமே சொல்லாமல் போகாமல் இருந்தால் வாரண்ட் வரைக்கும் போகலாம். அபராதமும் உண்டு, அது சின்னத் தொகைதான். ஆனால் ஸ்டேஷனில் இருந்து வாரண்ட்டோடு ஆள் வந்தால் அம்மா என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன எடுத்துப் போகணும்? சம்மன், ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி, ஏன் என்று பின்னாடி சொல்றேன். பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சாட்சிக்கு வழிச்செலவு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கு, அன்றைக்கே கேட்டால்தான் உண்டு. தண்ணி பாட்டில், பிஸ்கட். போனை உள்ளே போவதற்கு முன்னாடி ஆஃப் பண்ணிடுங்க, சைலண்ட் போதாது. ரெக்கார்டிங்கெல்லாம் நினைத்தே பார்க்காதீர்கள். உடை என்று பெரிய விதி ஒன்றுமில்லை, சொந்தக்கார வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி போங்கள். முக்கியமாக, ஆபீசுக்குக் காட்ட, ஆஜரானதுக்கு ஒரு சான்று வேணும் என்று கிளம்புவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க லீடுக்கு ஜூரி டியூட்டி என்று லீவ் சிஸ்டத்தில் ஒரு ஆப்ஷனே இருக்கு. எனக்கு 'சொந்த வேலை' என்றுதான் போட முடிந்தது. சொந்த வேலையா இது?

காத்திருக்கத் தயாராப் போங்கள். பத்தரைக்கு வரச் சொன்னால் பத்து மணிக்கே போய்விடுங்கள், ஆனால் உங்கள் முறை சாயங்காலமும் வரலாம், வராமலும் போகலாம். நான் முதல் தடவை போனபோது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, தேதி தள்ளிப் போச்சு. சாட்சிகள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கக்கூடாது என்பதால் வெளியே உட்கார வைப்பார்கள். டவாலி வந்து பேர் சொல்லிக் கூப்பிடும்வரை மரத்தடிதான். அந்த நேரத்தில் யாராவது வந்து, "தம்பி, பாத்துச் சொல்லுங்க, அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்று பேச்சுக் கொடுத்தால், மரியாதையாக எழுந்து ஏட்டு பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். மிரட்டல் மாதிரி இருந்தால் கட்டாயம் சொல்லணும். சாட்சிகள் பாதுகாப்புக்கு என்றே 2018-ல் ஒரு திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கு.

ரெண்டாவது தடவை போனேன். ஏட்டு நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம், "தம்பி, மூணு வருசம் ஆச்சுல்ல, உங்க வாக்குமூலத்த ஒருக்க கேட்டுக்கங்க" என்று படித்துக் காட்டினார். விபத்து நடந்த சமயம் போலீஸ் என்னிடம் விசாரித்து எழுதியது. அதில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை, சட்டமே அப்படி. அதனால் அன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்: 'மேற்படி லாரியை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதை நான் நேரில் பார்த்தேன்.'

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அஜாக்கிரதை என்ற சொல்லை என் வாழ்நாளில் நான் வாயால் சொன்னதில்லை. ஆனால் யாரைக் குறை சொல்றது? "லாரிக்காரன் கண்ணுமண்ணு தெரியாம வந்தான்" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னவன் நான்தானே. அதைத்தான் யாரோ கேஸ் தமிழில் மாத்தியிருக்காங்க. மூணு வருஷமாக ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதே கதையைச் சொல்லிச் சொல்லி, லாரி வேகமாக வருவது என் மனசில் படமாகவே ஓடுது. ஹெட்லைட் வெளிச்சம்கூடத் தெரியுது. ஆனால் நடந்தது என்ன? நான் டீக்கடைக்காரரைப் பார்த்து நின்றேன். ரோடு என் முதுகுக்குப் பின்னாடி.

நம்ம வேலை பார்க்கிறவங்களுக்குச் சட்டுனு புரியும். சர்வர் விழுந்த பிறகு மீட்டிங்கில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வோம். நாலு தடவை சொன்னதும் அதுவே உண்மை ஆயிடும். அப்புறம் ஒருத்தன் லாக் ஃபைலைத் திறந்து, "அந்த நேரத்துல அப்படி எதுவுமே பதிவாகலையே" என்பான். என் மண்டைக்குள்ள இருந்த லாக்கில் ஒரு சத்தமும், அதுக்குப் பிறகு நடந்ததும் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, நான் இடிச்சதப் பாக்கல" என்றேன். ஏட்டு என்னைப் பார்த்தார். "மாத்திச் சொன்னா பிறழ் சாட்சினு ஆக்கிருவாக தம்பி. யோசிச்சுக்கங்க." அவர் மிரட்டவில்லை, நடப்பதைச் சொன்னார். உள்ளே கடைசி பெஞ்சில் அந்த அப்பா உட்கார்ந்திருந்தார். அதுதான் என்னை ரொம்பப் பிசைந்தது. சும்மா ஒரு வரி சொன்னால் அவருக்கு ஆறுதல், எனக்கு நிம்மதி, வேலை முடிஞ்சுது. பொய்ச் சாட்சிக்கு ஏழு வருஷம் வரை தண்டனை என்று சட்டம் சொல்லுது, ஆனால் அந்த நிமிஷம் அதெல்லாம் எனக்குத் தோணவே இல்லை. பெஞ்சில் இருந்தவரும், இன்னொரு பக்கம் நின்ற லாரி டிரைவரும்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும்.

கூண்டில் ஏறினால் உறுதிமொழி. கடவுள் பேரிலும் சொல்லலாம், மனசாட்சிப்படி என்றும் சொல்லலாம், உங்கள் விருப்பம். முதலில் அரசு வழக்கறிஞர் கேட்பார், முதல் விசாரணை. அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல், குறுக்கு விசாரணை. பதிலை நடுவரைப் பார்த்துச் சொல்லணும், மெதுவாக, ஏன்னா பக்கத்தில் ஒருவர் டைப் அடித்துக்கொண்டே இருக்கார். கீழ்க்கோர்ட்டில் தமிழ்தான், நம்ம ஊர்ப் பேச்சே போதும். கேள்வி புரியவில்லை என்றால் "புரியலை" என்று சொல்லலாம். தெரியாததற்கு "தெரியாது" என்பது முழுமையான பதில். கல்லூரி வைவாவில் இதைச் சொன்னால் மார்க் போகும். இங்கே போகாது.

அரசு வழக்கறிஞர் கேட்டார், நான் சொன்னேன்: "சத்தம் கேட்டுத் திரும்பினேன். இடிச்சதைப் பார்க்கலை." அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பிறழ் சாட்சி ஆக்க நடுவரிடம் அனுமதி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "சரி, திரும்பினப்ப என்ன பார்த்தீங்க?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. அதற்கு என்கிட்ட பதில் இருந்தது. லாரியின் முன்சக்கரம் ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது. பைக் தன் பக்கத்து ஓரத்தில் கிடந்தது. கடை வெளிச்சம் அங்கே வரை விழுந்தது. இதெல்லாம் நான் யாரிடமும் கதையாகச் சொன்னதே இல்லை, சுவாரஸ்யம் இல்லாத விவரம். பின்னாடி ஒரு வக்கீல் ஃப்ரெண்டிடம் கேட்டபோது அவள் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன சதீஷ் வழக்குத் தீர்ப்பைக் காட்டினாள். லாரி 'அதிவேகமாக' வந்தது என்று சாட்சிகள் சொல்வதால் மட்டும் அஜாக்கிரதை நிரூபணம் ஆகிவிடாது என்பது அதன் சாரம். வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சக்கரம் எங்கே நின்றது என்பது அப்படி இல்லை.

குறுக்கு விசாரணையில் வக்கீல் விடவில்லை. "இடிச்ச அதிர்ச்சியில லாரி அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம் இல்லையா?" "தெரியாது" என்றேன். கடைசியாக, "நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை, போலீசுக்காகப் பொய்ச் சாட்சி சொல்கிறீர்கள் என்றால் சரிதானே?" என்றார். எனக்கு ரத்தம் கொதிச்சுது. அப்புறம்தான் தெரிந்தது, இது கிட்டத்தட்ட எல்லாச் சாட்சியிடமும் கேட்கும் வழக்கமான கேள்வி. அவர் தரப்பைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான். "சரியல்ல" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளுங்கள். ரோஷப்பட்டு விளக்கம் கொடுக்கப் போனால்தான் மாட்டுவீர்கள்.

முடிந்ததும் டைப் அடித்ததைப் படித்துக் காட்டுவார்கள், கையெழுத்துப் போடணும். கண்ணாடி இதுக்குத்தான். நீங்களே ஒருதடவை படியுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். என்னுடையதில் 'வலதுபுறம்' என்பது 'இடதுபுறம்' என்று விழுந்திருந்தது. சொன்னேன், நடுவர் அம்மா உடனே திருத்தச் சொன்னார்.

வெளியே வந்து சான்றுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்த அப்பா வந்தார். நான் ஆரம்பித்தேன்: "ஐயா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது..." அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அது இருக்கட்டும் தம்பி. வண்டி வாரவரைக்கும் நீங்கதான பக்கத்துல இருந்தீக. அவன் ஏதாச்சும் பேசுனானா?"

மூணு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, ரெண்டு வக்கீலும் கேட்கவில்லை, அவர்களுக்கு இது தேவையும் இல்லை. "பேசுனாருங்கய்யா. பைக்க ஓரமா நிறுத்திச் சாவிய எடுத்து வைக்கச் சொன்னாரு. தண்ணி கேட்டாரு" என்றேன்.

"குடுத்தீகளா?"

"அடிபட்டவங்களுக்குக் குடுக்கக் கூடாதுனு சொல்லுவாங்க. உதட்ட நனைச்சு விட்டேன்."

தலையை ஆட்டினார். "வண்டி எம் பேருலதான் இருந்துச்சு. இப்பத்தான் கட்டி முடிச்சோம்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

சான்று கிடைத்தது. ஹெச்.ஆர். போர்ட்டலில் ஏத்தியிருக்கேன், 'பரிசீலனையில்' என்று காட்டுது. வழக்கு இன்னும் நடக்குது, அடுத்த வாய்தாவில் டாக்டர் சாட்சி என்று ஆப்பில் பார்த்தேன்.

சாட்சி சம்மன் வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம், ஊரும் வேண்டாம். அடுத்த வாரம் திரும்ப டெக்தான். பார்ப்போம்.